சரி போட்ட சப்பாத்து

கொழும்பு பஸ் விடியப்புறம் நாலரைக்கு
புதுக்குடியிருப்புச் சந்தியில்
என் மூட்டைகளை உதைத்துத் தள்ளிவிட்டுப் போகும்.
ஒன்றில் நைக்கி. ஒன்றில் அடிடாஸ்,
சிலதுக்கு மூன்று கோடு, சிலதுக்கு நாலு.
நாலு கோடு போட்டதை நான் மலிவாகக் கொடுப்பதில்லை.
ஒரு கோடு கூடத்தானே.

வருகிற பெடியள் எல்லாரும் முதலில் கேட்பது
"ஒறிஜினலோ அக்கா?"
"ஒறிஜினல் கொப்பி" என்பேன்.
சிரிப்பார்கள். கண்ணாடியைச் சரித்து வைத்து
காலை மட்டும் பார்ப்பார்கள்.

நைக்கியின் குறிக்கு இங்கே பெயர் சரி.
"கறுப்பில சரி போட்டது இருக்கோ?"
கணிதத்தில் ஒரு சரியும் வாங்காத பிள்ளைகள்
காலுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

கடை திறந்த வருஷம்
பூமா ரீசேட் பன்னிரண்டு தொங்கவிட்டிருந்தேன்,
நெஞ்சில் பாய்கிற அந்தச் சாமான்.
சிவில் உடுப்பில் ஒருவர் வந்தார்.
சப்பாத்திலேயே ஆளைத் தெரிந்தது:
கறுப்பு, பொலிஷ், சரியோ கோடோ ஒன்றுமில்லை.
"இது என்ன?"
"பூமா, சேர்."
"என்ன மிருகம்?"
ஒரு மிருகத்தின் முதுகை
விரலால் தடவித் தடவி
வரி இல்லையென்று காட்டினேன்.
"பூனைச் சாதி சேர். ஜேர்மன் சாமான்."
நெடுநேரம் பார்த்தார்.
பிறகு
பதினொரு வயதுக்கு அளவு இருக்கோ என்றார்.
நான் விலை குறைத்தேன்.
அவர் குறைக்கச் சொல்லவில்லை.
மிச்சம் பதினொன்றும்
மூட்டைக்கு அடியில் இரண்டு வருஷம் படுத்துக் கிடந்தன.

எங்கள் வாயில் சொல்லாகவே ஆகிப்போன பிராண்ட் ஒன்றுதான்.
இறப்பர் செருப்பை யார் செய்தாலும் பாட்டா.
பாட்டாவைக் கழட்டிப்போட்டு உள்ளே வா.
பாட்டாவால அடிப்பன்.
பாட்டா அறுந்துபோச்சு, நில்லுங்கோ, நில்லுங்கோ.

இந்தக் கடைக்கு அத்திவாரம் வெட்டியபோது
நாலடிக்குள் ஏழு பாட்டா வந்தது.
ஒன்றுக்கொன்று சோடி இல்லை.
நீல வார், சிவப்பு வார்.
ஒன்றில் அறுந்த வாரை
அடியில் சட்டைப்பின்னால் கொழுவியிருந்தது,
பின் இன்னும் பிடி விடவில்லை.
மேசன் தவராசா மண்வெட்டியை நிறுத்தி
"மூடுறதோ, எடுக்கிறதோ?" என்று கேட்டார்.
நான் ஒவ்வொன்றாகப் புரட்டி அளவு பார்த்தேன்.
தொழில் தொடங்க முன்னமே தொழில் பழக்கம்.
எட்டு. ஐந்து. ஒன்பது.
மற்றதுகளில் இலக்கம் தேய்ந்துவிட்டது.
ஒன்று என் உள்ளங்கையைவிடச் சின்னது.
என்ன செய்தேன் என்று
யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும்தான்.

நேற்று கைவேலியிலிருந்து சாருஜன் வந்தான்.
வெட்டு மெசினில் நின்று உழைத்த காசு,
நோட்டுக்குள் நெல்லுச் சுணை.
வெள்ளை, சரி போட்டது, ஒன்பதாம் நம்பர்,
நாலாயிரத்து எண்ணூற்றைம்பது.
"போட்டுக்கொண்டே போறன் அக்கா."
பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.
வெளியே கிறவல் வீதி, முதல்நாள் மழை.
வரம்பில் கொக்கு நடப்பதுபோல
காலைத் தூக்கித் தூக்கி வைத்து
வளைவு வரைக்கும் போனான்.

வாசலில் அவன் பாட்டா கிடந்தது.
இரண்டும்.
குதி இருந்த இடத்தில் குதியின் பள்ளம்.
கூட்டித் தள்ள விளக்குமாற்றை எடுத்தேன்.
பிறகு குனிந்து
இடதை இடதாக, வலதை வலதாக
சுவரோரம் வைத்தேன்.

இன்று காலை வந்து நிற்கிறான்.
வலது சப்பாத்து அடி கழன்று
வாயைப் பிளந்திருக்கிறது.
"ஒறிஜினல் எண்டீங்கள்!"
"ஒறிஜினல் கொப்பி எண்டனான்."
பசை பூசி, மேலே அம்மிக்கல்லை ஏற்றினேன்.
காய மூன்று மணித்தியாலம்.
அவன் சுவரோரம் போய்
பாட்டாவைக் கொழுவிக்கொண்டு
தேத்தண்ணி குடிக்கப் போனான்.